நம்பர் பூட்டில் நாலு பேர்

அன்று சாயங்காலம் மச்சான் வந்தான். மச்சான் என்று ஒருவன் கிடையாது என்பதுதான் அதில் இருந்த சின்னச் சிக்கல்.

தராசுக்காரர் அப்போது சமையலறை மேஜையில், ஒரு மளிகைக் கடையிலிருந்து எடுத்து வந்த மின்தராசின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள் செத்துக் கிடந்த கரப்பான்பூச்சியைச் சின்ன இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே மழை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. முன்கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நம்பர் பூட்டின் பொத்தான்களை அழுத்தினார்கள். ஒன்று. ஒரு மூச்சு விடும் நேரம். இன்னொன்று. தடித்த விரல், மாடியேறி வந்த களைப்பு, எதற்கும் அவசரப்படாத ஆள். அழுத்துகிற தோரணையிலேயே இவ்வளவும் தெரிந்தது. பூட்டு ஒரு தடவை ‘பீப்’ என்றது. உள்ளிருக்கும் குட்டி மோட்டார் முனகிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தது. கதவு ஒரு சாண் திறந்தது. மாடிப்படியின் ஈரவாடையும், சட்டைப்பையில் நாள்பட்டுக் கசங்கிய சிகரெட்டின் வாசனையும் உள்ளே வந்தன. பிறகு, கைப்பிடியைப் பிடித்துச் சாத்துகிற பழக்கம் உள்ளவர்கள் சாத்துவது போல, சத்தமில்லாமல் கதவு சாத்திக்கொண்டது.

யாரும் இல்லை.

காற்று கதவைத் திறக்கும். அதைத் தராசுக்காரர் ஒப்புக்கொள்வார். ஆனால் காற்று முதலில் கோட் நம்பரை அழுத்திவிட்டுத் திறக்காது.

மச்சான் எப்படி உண்டானான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தராசுக்காரர் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்க்கிறவர். இரண்டு கிராம் கூடக் குறைய இருந்தாலும் கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனால் தொழிலில் பேர் உண்டு, சிநேகிதர்கள் கிடையாது. கல்யாணம் என்று ஒன்று வாய்க்கவில்லை. அக்காள் இருந்தவரை அவளோடு இருந்தார். அவள் போன பிறகு மூன்றாவது மாடியில் இந்த வீட்டில் தனியாக இருந்தார். தனியாக இருக்கிறவனுக்குச் சாவி ஒரு பெரிய கண்டம். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் திறக்க ஆள் இல்லை. அப்படி ஒரு நாள் பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோது, மேலே போகிறவர்களும் கீழே போகிறவர்களும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“வீட்டுல யாரும் இல்லையா?”

“வெளிய போயிருக்காங்க” என்று எல்லோருக்கும் சொன்னார். அது எத்தனை கிராம் பொய் என்று அவரே எடை போட்டுப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் நம்பர் பூட்டு. அதை மாட்ட வந்தவர் நாற்பது வயதிருக்கும் ஓர் அம்மாள். வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டே முழு உரையாடல் நடத்தக்கூடியவர். கதவில் துளை போட்டு, பலகையை மாட்டி, பேட்டரி போட்டு, துணியால் துடைத்துவிட்டுக் கேட்டார்.

“வீட்டுல எத்தனை பேரு சார்?”

கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டில் ஒரு குழந்தை யாரையோ துரத்திக்கொண்டு சிரித்தது. தராசுக்காரரின் நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது.

“நாலு பேர்.”

“நீங்க, மேடம், அப்புறம்?”

“பொண்ணு.”

“மூணாச்சு.”

நாலாவதாக ஓர் ஆள் சட்டென்று கிடைக்கவில்லை. மனதுக்குள் தேடினார். “மச்சான்” என்றார்.

“மச்சானுக்கெல்லாம் கோட் குடுக்குறீங்களா? தங்கமான மனசு சார். என் தம்பி வந்தா எங்க வீட்டுக்காரர் இருக்கிற கோட் நம்பரையும் மாத்திடுவாரு.”

“இங்கயே இருக்கறவன் இல்லம்மா. வருவான், போவான்.”

அந்த அம்மாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். “நல்லாக் கேட்டுக்குங்க. மாஸ்டர்னா நீங்க. ஆளைச் சேர்க்கலாம், தூக்கலாம், யாரை எந்த நேரத்துக்கு விடணும்னு வைக்கலாம். அது ஒரே ஒருத்தருக்குத்தான். இன்னொருத்தருக்குக் குடுத்தீங்கன்னா உங்ககிட்டருந்து போயிடும். அடுத்தது மேனேஜர். ஆளைச் சேர்க்கலாம், ஆனா மாஸ்டர் மேல கை வைக்க முடியாது. அது மேடத்துக்கு. பொண்ணும் மச்சானும் வெறும் யூசர், கதவைத் திறந்தமா வந்தமான்னு இருக்கணும். எல்லாத்துக்கும் கீழ கெஸ்ட். பிளம்பர், பெயிண்டர் மாதிரி. குறிச்ச நேரத்துல மட்டும்தான் திறக்கும்.”

“யாரு வந்தான்னு எப்படித் தெரியும்?”

“சத்தத்த வச்சு. மாஸ்டருக்கு மூணு பீப், மேனேஜருக்கு ரெண்டு, யூசருக்கு ஒண்ணு. கெஸ்ட்டுக்குச் சத்தமே கிடையாது, பச்சை லைட்டு மட்டும். படுத்துக்கிட்டே கண்டுபிடிச்சுடலாம்.”

நாலு பேருக்கும் நாலு கோட் போட்டார்கள். அப்புறம் அந்த அம்மாள், தன் வேலை முறைப்படி, ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தார். வெளியே நின்று கோட் அடிப்பார், பூட்டு கத்தும், கதவை அகலத் திறந்து ஓரமாக ஒதுங்கி நின்று, “மேடம் வந்தாச்சு” என்பார். சாத்துவார். மறுபடி திறந்து ஒதுங்கி, “பொண்ணு வந்தாச்சு.” மறுபடி, “மச்சானும் வந்தாச்சு சார், காபி போடுங்க.” ஒவ்வொரு தடவையும் தராசுக்காரரும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். மரியாதைக்குத்தான்.

தராசுக்காரர் சொன்னதை அந்த அம்மாள் நம்பினாரோ என்னவோ, பூட்டு நம்பிவிட்டது.

மச்சானுக்குப் பின்னால் மேடம் வந்தாள். அதுவும் ஒரு சாயங்காலம்தான். தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் நேரம், வீடு அரை இருட்டாக இருந்தது. நிதானமான விரல்கள், இரண்டு பீப். தலைக்குக் குளித்து ஈரம் முழுக்கக் காயாத கூந்தலின் வாசனை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் போயிற்று. அக்காள் காலத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்த குழாய் சொட்டுவதை நிறுத்தியது. அவர் பலமுறை குறடு போட்டுத் திருகியும் நிற்காத குழாய். அந்த மௌனம் காதுக்குள் பஞ்சைத் திணித்தாற்போல் இருந்தது. சற்று நேரத்தில் கதவுப் பொத்தான்கள் படபடவென்று தட்டப்பட்டு, ஒரு பீப், பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே ஓடுகிறவளின் காலடி போல ஏதோ கூடத்தைக் கடந்தது. பழைய துணிமூட்டைகள் கிடந்த சின்ன அறையில் தொப்பென்று ஒரு பை விழுந்தது.

தராசுக்காரர் திருப்புளியைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். சின்ன அறையில் பை எதுவும் இல்லை. தூசியில் மட்டும் பை வைத்த தடம் இருந்தது.

அவர் ஓடியிருக்கலாம். யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் எங்கே ஓடுவது என்று யோசித்தபோது, ஓடிப்போய்க் கதவைத் தட்டக்கூடிய ஒரு வீடு கூட நினைவுக்கு வரவில்லை. ஆகவே உட்கார்ந்தார். உட்கார்ந்து பார்த்தால், பயத்துக்கு அடியில், வெட்கக்கேடான ஒரு கதகதப்பு இருந்தது. வீட்டில் ஆள் இருந்தது.

மறுநாளிலிருந்து வேலை முடிந்து வரும்போது மாடியேறுவதில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. கோட் அடித்து மூன்று பீப் கேட்டதும், “நான்தான்” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உள்ளே போவார். பதில் வராது. ஆனால் வராத பதிலிலும் இரண்டு வகை உண்டு. ஆளில்லாமல் வராதது ஒன்று, ஆள் இருந்தும் வராதது ஒன்று. உலகத்தில் பாதிக் குடித்தனங்கள் இரண்டாவது வகையில்தான் ஓடுகின்றன. கடையில் நடந்ததையெல்லாம் சமையலறையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மீன்கடைக்காரன் தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்ததைச் சொன்னபோது, சின்ன அறையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது போலிருந்தது.

மச்சான்தான் சரியில்லை. மச்சான் அவருடைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்து போன பிறகும் அதன் துணி குழிந்தே இருந்தது. சிகரெட் வாசனை தலையணையில் ஏறிற்று. கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் வழிமறித்தார்.

“உங்க மச்சான் படியில இடிச்சுக்கிட்டுப் போறாரு சார். ஒரு சாரி கூடக் கிடையாது. கண்ணு தெரியலையா அவருக்கு?”

“எப்படி இருந்தான்?” என்று கேட்டுவிட்டார் தராசுக்காரர்.

“உங்க மச்சானை எங்கிட்டக் கேக்குறீங்க? திரும்பிப் பாக்குறதுக்குள்ள மேல போயிட்டாரு.”

அன்று குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, துண்டுக்காகக் கையை நீட்டித் துழாவினார். துண்டு கைக்கு வந்தது. “தேங்க்ஸ்” என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். பாதி முகம் துடைத்த பிறகுதான், துண்டு ஆணியில் மாட்டாமல் கட்டில்மேல் கிடந்தது ஞாபகம் வந்தது. துண்டைக் கொடுத்த விரல்கள் அவர் விரல்மேல் பட்டிருந்தன. தடித்தவை. குளிர்ந்தவை. அவற்றில் நகமே இல்லை.

பூட்டுக்கார அம்மாளுக்குப் போன் போட்டார்.

“யாரோ கோட் போட்டுத் திறக்குறாங்கம்மா. ஆள் வரல.”

“பூட்டு தானாத் திறக்காது சார். கோட் சரியா இருந்தாத்தான் திறக்கும். யார் சத்தம் கேக்குது?”

“மச்சான்.”

“நான் அன்னிக்கே நினைச்சேன். தூக்கிடுங்க சார், ஒரு நிமிஷ வேலை. வேணும்னா எல்லாரையும் மொத்தமா அழிச்சுட்டு உங்களை மட்டும் வச்சுக்குங்க. அதுக்கும் ஒரு வழி இருக்கு, சொல்லட்டுமா?”

சொன்னார். தராசுக்காரர் கதவின் உட்புறப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். எல்லோரையும் அழித்தால் வீடு அவருடையது, வெறும் வீடு. அழிக்காவிட்டால் உள்ளே மனிதர்கள், அல்லது மனிதர்கள் மாதிரி ஏதோ ஒன்று. முதுகுக்குப் பின்னால் கூந்தலின் ஈரவாசனை வந்து நின்றது. அவர் மச்சானை மட்டும் அழித்தார். பூட்டு உறுமுவது போல ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

கூந்தல் வாசனை மறைந்துவிட்டது. அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குழாய் மறுபடி சொட்ட ஆரம்பித்தது. மாலைகளில் அவர் விளக்குப் போடாமல் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். முன்பு வருஷக்கணக்கில் இதே தனிமையில் இருந்தவர்தான். ஆனால் அப்போது யாரும் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது வந்தவர்கள் வராமல் இருந்தார்கள். மேஜையில் ஒருவருக்கு மட்டும் தட்டு வைக்கிற சத்தம் அவருக்கே கேட்கப் பிடிக்கவில்லை. தட்டின்கீழ் துணி விரித்து வைத்தார்.

கடைசியில் ஒரு நாள், சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, காலிச் சமையலறையின் வாசலில் போய் நின்றார்.

“சரி, தப்பு எம்மேலதான். உன் அண்ணனாச்சே, நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றார். “மச்சானைத் திரும்பச் சேர்த்துடறேன். இனிமே இந்த வீட்டுல எல்லாம் உன் இஷ்டம்தான். நீயே மாஸ்டரா இரு. போதுமா?”

புருஷன்மார் சமாதானத்துக்காகச் சொல்வதுதான். மற்ற புருஷன்மார் சொன்னதோடு விட்டுவிடுவார்கள். தராசுக்காரர் சொன்ன சொல்லை எடை குறையாமல் செய்கிறவர். பலகையில் மச்சானைச் சேர்த்தார். மாஸ்டர் இடத்தை மேடத்துக்கு மாற்றினார். உறுதியா என்று கேட்பது போல விளக்கு சிமிட்டியது. உறுதி என்று அழுத்தினார்.

அழுத்திய விரலை எடுப்பதற்குள், கதவுக்கு அந்தப் பக்கம், நிதானமாக, பொத்தான்கள் அழுந்தின. அவ்வளவு நாளும் வாசலிலேயே நின்றிருந்தாள் போல.

மூன்று பீப்.

சில நாட்கள் வீடு நிறைந்திருந்தது. சொல்லிக்கொள்கிற மாதிரி நிறைந்திருந்தது. பிறகு ஒரு மாலை அவர் கோட் அடித்தபோது ஒரே ஒரு பீப் கேட்டது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மச்சான் வந்தபோது இரண்டு பீப் கேட்டது. பேட்டரியில் குறை இல்லை. சாய்வு நாற்காலி சன்னலோரத்துக்குப் போயிருந்தது. அவருடைய கட்டிலில் மூன்று பேர் நெருக்கிப் படுத்த கசங்கல். அவர் சின்ன அறையில், துணிமூட்டைகளோடு படுத்துக்கொண்டார். “நான்தான்” என்று சொல்வதை மெல்லிய குரலில் சொன்னார். அப்புறம் சொல்வதை விட்டார்.

அவர் பூட்டுக்கார அம்மாளைக் கூப்பிட்டார்.

“என் கோட் நம்பர் சரியா வேலை செய்யலம்மா.”

“மாஸ்டர் யாரு சார் இப்போ?”

“என் சம்சாரம்.”

“அப்ப மேடம் சொன்னாத்தான் சார் நான் கை வைக்க முடியும். கம்பெனி ரூல். மேடத்தைப் பேசச் சொல்லுங்க.”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, சமையலறைப் பக்கமாக நீட்டிப் பிடித்தார். அங்கே யாரும் இல்லை. மறுமுனையில் அந்த அம்மாள், “ம்... சரிங்க மேடம்... ம்... ஐயோ அப்படியா, சரிங்க மேடம்” என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கடைகளெல்லாம் சீக்கிரம் சாத்திவிட்டார்கள். தராசுக்காரர் எடைக்கற்கள் நிறைந்த பையோடு, நனைந்து, மூன்று மாடியும் ஏறி வந்து கோட் அடித்தார். சிவப்பு விளக்கு. மறுபடி அடித்தார். சிவப்பு. கெஸ்ட்டுக்குக் ‘குறிச்ச நேரத்துல மட்டும்தான்’ என்று அந்த அம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் படியில் உட்கார்ந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கதவுக்கு அடியில் இருட்டுத்தான் தெரிந்தது. ஆனால் உள்ளே பாத்திரங்கள் புழங்கின. தண்ணீர் கொதித்தது. ஒரு நாற்காலி இழுபட்டது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“யாரைப் பாக்கணும்?” என்றார்.

தராசுக்காரர் வாயைத் திறந்தார். பெயர் எதுவும் வரவில்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. சத்தமே இல்லை.

உள்ளே போனார். நடைவழி இருட்டாக இருந்தது. சுவிட்சைத் தேடினார். சுவிட்ச் இருந்த இடத்தில் சுவர் மட்டும் இருந்தது. கதவு பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கூந்தல் வாசனை. சிகரெட். பாட்டு முனகல். கூடத்து மேஜையைச் சுற்றி இருட்டைவிடக் கொஞ்சம் கெட்டியாக மூன்று உருவங்கள் உட்கார்ந்திருந்தன. எதுவும் திரும்பவில்லை.

“நான்தான்” என்றார்.

யாரும் திரும்பவில்லை.

அப்போதுதான் மாடிப்படியில் காலடி கேட்டது. கனமான பையோடு ஏறுகிற காலடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றது. பையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டது. எடைக்கற்கள் உரசின. அவர் கையிலிருந்த பை சத்தமே போடவில்லை. அந்த இடத்தில் நின்று கை மாற்றுகிறவர் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். ஒரு சின்ன இருமல். அந்த இருமலை அவருக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகத் தெரியும்.

கதவுக்கு வெளியே நின்றது. பொத்தான்கள் அழுந்தின. அவர் அழுத்துகிற மாதிரியே.

இரண்டு பீப்.

நாற்காலிகள் சரசரவென்று பின்னால் நகர்ந்தன. மூன்று பேரும் எழுந்தார்கள்.

கதவு அகலத் திறந்தது. ஓடு என்றது மனம். கால் கேட்கவில்லை. கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. வாசலில் ஓர் ஆள். போன மழைக்காலத்தில் கடைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று அவர் வாங்காமல் விட்ட மழைக்கோட்டைப் போட்டிருந்த ஆள்.

“வந்துட்டீங்களா?” கூடத்திலிருந்து ஒரு பெண்குரல். இத்தனை நாளில் முதல் தடவையாக. இனிமையான குரல்.

“நான்தான்” என்றது வாசலில் நின்றது, அவருடைய குரலில்.

கூடத்தில் விளக்கு எரிந்தது. மேஜையில் நாலு தட்டு. சோற்றிலிருந்து ஆவி. ஒரு பெண்பிள்ளை கலகலவென்று சிரித்தாள். வந்தவர் நடைவழியில் இரண்டடி வைத்து, தராசுக்காரர் நின்ற இடத்துக்கு முன்னால் நின்றார். இவர் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பார்க்கிறவர் பார்க்கிற மாதிரி. மழைக்கோட்டைக் கழற்றினார். ஒரு உதறு உதறினார். அதைத் தராசுக்காரரின் தலைமேல் மாட்டிவிட்டுக் கூடத்துக்குள் போனார்.

மழைக்கோட்டு நழுவவில்லை. உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நடைவழி இருட்டில் அது ஆடாமல் அசையாமல் தொங்கியது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர், கால்கள் இருக்க வேண்டிய இடத்தில், வெறும் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.